ரஷ்யாவை ஒரே நாளில் நீக்கிய யூரோவிஷன் இஸ்ரேலை ஏன் நீக்கவில்லை?

உங்கள் கேள்வி இதுதான்: 2022 பிப்ரவரியில் உக்ரைன்மீது படையெடுத்த மறுநாளே ரஷ்யாவை யூரோவிஷன் பாட்டுப் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள், காஸாவில் இவ்வளவு நடந்தும் இஸ்ரேலை ஏன் நீக்கவில்லை? ஆனால் அதற்குக் கீழே நீங்கள் எழுதியிருந்த வரிகளையும் சேர்த்துப் படித்தால், கேள்வி ஒன்றல்ல, மூன்று என்று தோன்றுகிறது. ஒரு நாட்டை வெளியே அனுப்பும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது? ஸ்பெயின், அயர்லாந்து போன்ற நாடுகள் விலகுவதால் ஏதாவது மாறுமா? சென்னையில் உட்கார்ந்து யூடியூபில் பார்க்கிற நான் பார்க்காமல் விட்டால் அது யாருக்காவது உறைக்குமா?

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் பேச்சில் எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஐரோப்பாவில் ஒரு பொது ஒளிபரப்பு நிறுவனத்தில் இருபது வருஷத்துக்கும் மேலாக நேரடி இசை நிகழ்ச்சிகளுக்கு சவுண்ட் மிக்சிங் செய்தவன். யூரோவிஷன் மேடையில் வேலை பார்த்ததில்லை. ஆனால் அந்த உலகத்துக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன், அதன் வரலாற்றை விடாமல் படித்துவந்திருக்கிறேன். சர்வதேசச் சட்டம் நான் படித்ததில்லை. எந்தப் போர் எந்தக் குற்றத்தில் சேரும் என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஒளிபரப்பு நிறுவனங்கள் தங்களுக்குள் எப்படிப் பேசி முடிவுக்கு வருகின்றன என்பது தெரியும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: யூரோவிஷனில் ஒரு நாடு உள்ளே இருப்பதையும் வெளியே போவதையும் தீர்மானிப்பது விதிப்புத்தகம் இல்லை. “அவர்கள் வந்தால் நாங்கள் வரமாட்டோம்” என்று எத்தனை பேர், எவ்வளவு சீக்கிரம், ஒரே குரலில் சொல்கிறார்கள் என்பதுதான்.

இதற்கு ஓர் அடிப்படை விஷயம் தெரிய வேண்டும். பார்க்க நாடுகளின் போட்டி போல இருந்தாலும், யூரோவிஷன் தொலைக்காட்சி நிறுவனங்களின் போட்டி. 1950இல் தொடங்கிய ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் ஜெனீவாவிலிருந்து இதை நடத்துகிறது. முதல் போட்டி 1956 மே 24 அன்று சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் நடந்தது. ஏழு நாடுகள், ஆளுக்கு இரண்டு பாட்டு. ஒன்றியத்தில் உறுப்பினராக இருப்பதற்கு ஐரோப்பாக் கண்டத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளும் அதன் ஒளிபரப்பு எல்லைக்குள் வருகின்றன. அப்படித்தான் இஸ்ரேல் 1973இல் உள்ளே வந்தது, மொராக்கோ 1980இல் ஒரே ஒரு முறை பாடிவிட்டுப் போனது. ஆஸ்திரேலியா 2015 முதல் சிறப்பு அழைப்பில் வருகிறது. ஆகவே “ஒரு நாட்டை நீக்குவது” என்றால் நடைமுறையில் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் பாட்டை ஏற்க மறுப்பது. அதை முடிவு செய்கிறவர்கள் மற்ற தொலைக்காட்சி நிறுவனங்கள். பணம் கட்டுகிறவர்களும் அவர்களே.

இப்போது 2022க்கு வருவோம். பிப்ரவரி 24 அன்று படையெடுப்பு தொடங்கியது. அன்று ஒன்றியம் சொன்னது, இது அரசியல் சாராத கலாசார நிகழ்ச்சி, ரஷ்யாவும் உக்ரைனும் இரண்டுமே பங்கேற்கலாம் என்றுதான். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அடுத்த நாளுக்குள் நிலைமை தலைகீழானது. ரஷ்யா வந்தால் நாங்கள் வரமாட்டோம் என்று பின்லாந்தும் எஸ்டோனியாவும் வெளிப்படையாக அறிவித்தன, வேறு பல நிறுவனங்களும் அழுத்தம் கொடுத்தன. 25ஆம் தேதி ஒன்றியம் அறிக்கை விட்டது: உக்ரைனில் நடக்கும் நெருக்கடியின் நடுவே ரஷ்யப் பாட்டைச் சேர்த்தால் போட்டிக்கு அவப்பெயர் வரும், அதனால் ரஷ்யா இல்லை. விதிப்புத்தகம் இரண்டு நாளும் அதேதான். மாறியது, எழுந்து போகத் தயாராக நின்றவர்களின் எண்ணிக்கை. அந்த ஆண்டு தூரின் நகரில் உக்ரைன் 631 புள்ளிகளோடு வென்றது. அதில் 439 புள்ளி மக்கள் வாக்கில் வந்தது, மீதி ஒவ்வொரு நாட்டிலும் உள்ள நடுவர் குழுக்கள் தந்தது. அடுத்த ஆண்டுப் போட்டியை உக்ரைனில் நடத்த முடியாததால் பிரிட்டனின் லிவர்பூல் நகரம் ஏற்று நடத்தியது.

இஸ்ரேல் விஷயத்தில் ஒன்றியம் சொல்லும் வாதம் வேறு. ரஷ்ய நிறுவனங்கள் அரசின் ஊதுகுழல்கள், இஸ்ரேலின் ‘கான்’ அப்படி இல்லை, அது சுதந்திரமான பொது ஒளிபரப்பு நிறுவனம் என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. 2017இல் ஒளிபரப்பைத் தொடங்கிய கான், தன் அரசாங்கத்தையே விமர்சிக்கிறது. அதைத் தனியாருக்கு விற்கவோ மூடவோ வேண்டும் என்று அந்த அரசின் அமைச்சர்களே குரல் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பொது ஒளிபரப்பு நிறுவனத்தில் வாழ்நாளின் பாதியைக் கழித்தவன் என்ற முறையில், அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தைத் தனிமைப்படுத்துவதில் எனக்கும் தயக்கம் உண்டு. ஆனால் 2022 பிப்ரவரி 25 அறிக்கையை எடுத்துப் படித்துப் பாருங்கள். அன்று சொன்ன காரணம் போட்டியின் நற்பெயர். நிறுவனத்தின் சுதந்திரம் என்ற அளவுகோல் பிறகுதான் முன்னால் வந்து நின்றது. ஒரே கோலால் இரண்டு பேரையும் அளக்கவில்லை என்று நீங்கள் சொல்வது நியாயம்தான்.

அளக்காததற்குக் காரணம், உறுப்பினர்கள் இரண்டாகப் பிளந்து நின்றார்கள். ஸ்பெயின், அயர்லாந்து, ஸ்லோவேனியா, நெதர்லாந்து, ஐஸ்லாந்து ஒரு பக்கம். மறுபக்கம் ஜெர்மனி, இஸ்ரேலை நீக்கினால் ஜெர்மனி விலகுவதே சரி என்ற நிலையை அந்நாட்டுச் சான்சலர் ப்ரீட்ரிஷ் மெர்ஸ் 2025 அக்டோபரில் வெளிப்படையாக எடுத்தார். 2026 போட்டியை நடத்தும் பொறுப்பில் இருந்த ஆஸ்திரியாவும் இஸ்ரேல் இருக்க வேண்டும் என்றது. நீக்கினாலும் போவார்கள், நீக்காவிட்டாலும் போவார்கள் என்ற நிலையில், எந்தப் பக்கம் போனால் குறைந்த சேதம் என்று கணக்குப் போட்டார்கள் என்பது என் ஊகம். ஊகம் என்று சொல்லித்தான் தருகிறேன். அந்தக் கூட்டங்கள் மூடிய கதவுக்குள் நடப்பவை.

புறக்கணிப்பு என்பது இந்தப் போட்டிக்குப் புதிதில்லை. 1964இல் கோபன்ஹேகனில் ஒருவர் மேடையேறி, பிராங்கோவையும் சலாசாரையும் புறக்கணியுங்கள் என்று எழுதிய பதாகையைக் காட்டினார். ஸ்பெயினும் போர்ச்சுகலும் அப்போது முறையே அந்த இருவரின் சர்வாதிகாரத்தின் கீழ் இருந்தன, ஆனாலும் போட்டியில் இருந்தன. 1968இல் ஸ்பெயினுக்காகப் பாட இருந்த ஜொவான் மனுவேல் செர்ராத் காட்டலான் மொழியில்தான் பாடுவேன் என்று நின்றதால் அவரை மாற்றிவிட்டு மாசியேலை அனுப்பினார்கள். அவர் 29க்கு 28 என்று ஒரே ஒரு புள்ளியில் பிரிட்டனின் கிளிஃப் ரிச்சர்டை வென்றார். பிராங்கோ அரசு வாக்குகளை விலைக்கு வாங்கியது என்று 2008இல் ஒரு ஸ்பானிய ஆவணப்படம் சொன்னது. அது இன்றுவரை நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டு. அதேபோல, அடுத்த ஆண்டு மாட்ரிட் போட்டிக்கு ஆஸ்திரியா வராததை பிராங்கோவுக்கு எதிரான புறக்கணிப்பு என்று எல்லாக் கட்டுரைகளிலும் படிப்பீர்கள். பொருத்தமான பாடகர் கிடைக்கவில்லை என்ற விளக்கமும் உண்டு. அந்தக் கதையை உறுதியான வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1970இல் நடந்தது உறுதி. முந்தைய ஆண்டு நான்கு நாடுகள் ஒரே புள்ளியில் சமமாக நின்று நான்குமே வென்றதாக அறிவிக்கப்பட்ட குழப்பத்துக்குப் பிறகு, பின்லாந்து, நார்வே, சுவீடன், போர்ச்சுகல் ஆகியவை ஆம்ஸ்டர்டாம் போட்டிக்கு வரவில்லை. போர், சர்வாதிகாரம் எதுவும் காரணமில்லை, வாக்கு எண்ணும் முறைமீது வந்த கோபம். அதன்பின் வாக்களிப்பு முறையையே மாற்றினார்கள். இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் உதவும்.

எனக்கு மிகவும் வலிக்கிற அத்தியாயம் சைப்ரஸ். 1974 கோடையில் துருக்கிப் படை, கிரேக்கர்களும் துருக்கியர்களும் வாழ்ந்த அந்தத் தீவில் இறங்கியது. ஆயிரமாயிரம் பேர் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். 1975இல் ஸ்டாக்ஹோமில் துருக்கி முதல்முறையாகப் பாட வந்தது, கிரீஸ் வரவில்லை. 1976இல் தி ஹேக் நகருக்கு கிரீஸ் திரும்பியது, துருக்கி இல்லை. அன்று கிரேக்கப் பாடகி மரீசா கோக், மாதாவை அழைத்து ஆறுதல் கேட்கும் ஒப்பாரி போன்ற ஒரு பாட்டைப் பாடினார். அது சைப்ரஸைப் பற்றியது என்று எல்லோருக்கும் தெரியும். இன்றைய விதியில் அது மேடையேறுமா என்பதே சந்தேகம். அந்தப் பாட்டு 13ஆம் இடத்துக்குப் போனது, தீவில் எதுவும் மாறவில்லை. ஒருவர் வந்தால் இன்னொருவர் வராமல் இருந்த அந்த இரண்டு ஆண்டுகளும் தீவைப் பிரித்த எல்லைக் கோட்டை ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை. ஆனால் 2003இல் துருக்கி வென்ற இரவில், சைப்ரஸ் துருக்கிக்கு 8 புள்ளி கொடுத்தது (ஒரு நாட்டின் வாக்கில் உச்சம் 12 புள்ளி). நான் அப்போது வேலையில் சேர்ந்த புதிது. அந்த அறிவிப்பு வந்தபோது கட்டுப்பாட்டு அறையில் இருந்த கிரேக்க நண்பர் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

அரபு நாடுகளின் கதை வேறு மாதிரி. 1978இல் இஸ்ரேல் பாரிஸில் பாடியபோது ஜோர்டான் தொலைக்காட்சி திரையில் பூக்களைக் காட்டியது. இஸ்ரேல் வெல்லப்போகிறது என்று தெரிந்ததும் ஒளிபரப்பை நிறுத்தி, இரண்டாம் இடத்தில் வந்த பெல்ஜியம் வென்றதாகச் சொன்னது. மறு ஆண்டு போட்டி ஜெருசலேமில் நடந்தது. அரபு நாடுகளின் அழுத்தத்தால் துருக்கி விலகியது. 2005இல் லெபனான் முதல்முறை வரத் தயாராக இருந்தது, பாட்டும் பாடகியும் முடிவாகிவிட்டார்கள். இஸ்ரேலின் பாட்டை ஒளிபரப்ப லெபனான் சட்டம் இடம் தராது, ஆனால் எல்லாப் பாட்டையும் வெட்டாமல் ஒளிபரப்ப வேண்டும் என்பது போட்டியின் விதி. அதனால் விலகினார்கள், இன்றுவரை வரவில்லை. தனியாக விலகுகிற சின்ன நாட்டுக்கு நேர்வது இதுதான்: அந்த இடம் காலியாக இருப்பதே யாருக்கும் தெரியாது.

இங்கே “அரசியல் சாராத போட்டி” என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த விதி பாட்டு வரிகளிலும் மேடை நடத்தையிலும் மட்டும்தான் கடுமையாகச் செயல்படுகிறது, அதுவும் ஒரே சீராக இல்லை. 2009 மாஸ்கோ போட்டிக்கு ஜார்ஜியா அனுப்பிய பாட்டின் தலைப்பில் புதினின் பெயர் ஒலிக்கும்படி வார்த்தை விளையாட்டு இருந்தது. மாற்றச் சொன்னார்கள், ஜார்ஜியா மறுத்து விலகியது. முந்தைய ஆண்டு ஆகஸ்டில்தான் இரு நாடுகளுக்கும் போர் நடந்திருந்தது. 2015இல் ஆர்மீனியா, இனப்படுகொலையின் நூறாவது ஆண்டில், ‘மறுக்காதே’ என்ற பொருள்படும் தலைப்போடு வந்தது, தலைப்பை மாற்றிக்கொண்டார்கள். 2016இலோ உக்ரைனின் ஜமாலா, ஸ்டாலின் 1944இல் கிரிமியத் தாத்தார்களை நாடுகடத்தியதைப் பாடினார். அது வரலாறு, அரசியல் இல்லை என்று அனுமதித்தார்கள், அவர் வென்றார். ரஷ்யா கிரிமியாவைப் பிடித்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் அந்தப் பாட்டை மிகவும் மதிக்கிறேன், அனுமதித்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அதில் அரசியல் இல்லை என்று சொல்ல என்னால் முடியாது. 2024இல் இஸ்ரேல் முதலில் கொடுத்த பாட்டு, 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேல்மீது ஹமாஸ் நடத்திய தாக்குதலைக் குறிப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டது. வரிகளை மாற்றி, ஏதன் கோலன் அதே மெட்டைப் பாடினார்.

போர்ச்சுகலில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, கேள்விக்கு நேராக வராவிட்டாலும். 1974 ஏப்ரல் 6 அன்று பிரைட்டன் நகரில் சுவீடனின் ‘அப்பா’ (ABBA) இசைக்குழு வென்ற அதே போட்டியில், போர்ச்சுகலின் பாலோ டி கார்வாலோ பாடிய விடைபெறும் காதல் பாட்டு கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்டது. மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 24 இரவு 10.55க்கு லிஸ்பன் வானொலி அந்தப் பாட்டைப் போட்டது. படை முகாம்களில் காத்திருந்த அதிகாரிகளுக்கு அதுதான் முதல் சமிக்ஞை. மறுநாள், நாற்பது ஆண்டுக்கும் மேலான சர்வாதிகாரம் விழுந்தது. யாரும் சந்தேகப்படாத பாட்டு என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே ஆண்டு இத்தாலியில் விவாகரத்துச் சட்டம் குறித்த பொதுவாக்கெடுப்பு மே மாதம் வர இருந்தது. இத்தாலியின் பாட்டில் ‘ஆம்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வந்ததால், அது வாக்காளர் மனத்தை மாற்றிவிடும் என்று பயந்து அந்நாட்டுத் தொலைக்காட்சி போட்டியையே அப்போது ஒளிபரப்பவில்லை.

நீக்கம் என்பது ரஷ்யாவுக்கு முன்பும் நடந்திருக்கிறது. 1992 மே 9 அன்று யூகோஸ்லாவியா மால்மோவில் பாடியது. மே 30 அன்று, போஸ்னியப் போருக்காக ஐ.நா. பாதுகாப்பு அவை அதன்மீது தடை விதித்தது. அடுத்த போட்டியில் அந்த நாடு இல்லை. இங்கே ஒன்றியத்துக்குத் தலைவலி இருக்கவில்லை, ஐ.நா.வே முடிவு செய்துவிட்டது. இஸ்ரேல் விஷயத்தில் அப்படி ஒரு பாதுகாப்பு அவைத் தீர்மானம் இல்லை. அமெரிக்காவின் வீட்டோ இருக்கும்வரை வருவதும் கடினம். அதனால் சுமை முழுவதும் தொலைக்காட்சிக்காரர்களின் தலையில் விழுந்தது. 1993இல் அயர்லாந்தின் மில்ஸ்ட்ரீட் என்ற சிற்றூருக்கு, முற்றுகையில் இருந்த தலைநகர் சரயேவோவிலிருந்து போஸ்னியக் குழு துப்பாக்கிக் குண்டுகளுக்கு நடுவே விமான ஓடுபாதையைக் கடந்து தப்பி வந்தது. வாக்கு அறிவிக்கும் நேரத்தில் சரயேவோவிலிருந்து தொலைபேசி இணைப்பு கிடைத்தது. இரைச்சலுக்கு நடுவே ஒரு மெல்லிய குரல். அரங்கம் முழுவதும் கைதட்டியது. ஒலிப்பதிவுக்காரனாக நான் அந்தப் பதிவைப் பல முறை கேட்டிருக்கிறேன். அத்தனை மோசமான ஒலித்தரத்தில் அத்தனை தெளிவாக ஒரு செய்தி போய்ச் சேர்ந்ததை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

ஒலி என்றதும் என் தொழில் சார்ந்த ஒன்று. அரங்கில் எழும் கூச்சல் வீட்டில் கேட்பது எங்கள் கையில் இருக்கிறது. மேடைக்கு முன்னும் கூரையிலும் தொங்கும் ஆடியன்ஸ் மைக்குகளின் அளவைக் கொஞ்சம் இறக்கினால், ஆயிரம் பேர் கத்துவது ஒரு முணுமுணுப்பாகிவிடும். 2014இல் கோபன்ஹேகனில் ரஷ்ய இரட்டைச் சகோதரிகளுக்கு எதிராகக் கூச்சல் எழுந்தது. அவர்களுக்குப் பதினேழு வயது. அடுத்த ஆண்டு வியன்னாவில், கூச்சலை மறைக்கும் ஒலி ஏற்பாடு செய்திருப்பதாக நடத்துபவர்களே சொன்னார்கள். 2026க்கு மீண்டும் வியன்னா என்றானபோது ஆஸ்திரியத் தொலைக்காட்சி, கூச்சலை மறைக்க மாட்டோம், செயற்கைக் கைதட்டல் போட மாட்டோம், பாலஸ்தீனக் கொடியைத் தடுக்கமாட்டோம் என்று அறிவித்தது. அது சரியான முடிவு. பாடுகிற பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்ற உணர்வு எனக்கும் உண்டு. 2025இல் இஸ்ரேலுக்காகப் பாடிய யுவல் ரஃபேல், அக்டோபர் 7 இசை விழாத் தாக்குதலில் உயிர் பிழைத்தவர். ஆனால் நடந்ததை நடக்காதது போல ஒலிக்கச் செய்வது எங்கள் வேலை இல்லை.

சரி, 2025 பாசெல் போட்டிக்கு வருவோம். புறக்கணிப்பு வெடித்ததற்கு உடனடிக் காரணம் அங்கே நடந்த வாக்குக் கணக்கு. ஆஸ்திரியாவின் ஜேஜே 436 புள்ளியோடு வென்றார்: நடுவர்கள் தந்தது 258, மக்கள் தந்தது 178. இஸ்ரேல் இரண்டாவது, 357: நடுவர்கள் 60, மக்கள் 297. மக்கள் வாக்கில் இஸ்ரேல்தான் முதல். அதற்கு முந்தைய ஆண்டும் இதே சாயல், நடுவர் 52, மக்கள் 323. காஸாவைப் பற்றி வர்ணனையில் பேசியதற்காக ஒன்றியத்திடம் எச்சரிக்கை வாங்கி, அதையும் மீறி இறுதிப்போட்டிக்கு முன்னால் பாலஸ்தீனத்துக்கு அமைதியும் நீதியும் வேண்டும் என்று திரையில் எழுதிக் காட்டியது ஸ்பானியத் தொலைக்காட்சி. அந்த ஸ்பெயினின் மக்கள் வாக்கிலேயே இஸ்ரேலுக்கு 12 புள்ளி போனது. ஸ்பெயினும் பெல்ஜியத்தின் பிளெமிஷ் மொழித் தொலைக்காட்சி நிறுவனமும் விளக்கம் கேட்டன.

இது மோசடியா? இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், அவசரப்பட்டு ஆம் என்று சொல்லிவிடாதீர்கள். விதிப்படி ஒருவர் 20 வாக்குவரை போடலாம். ஒரு நாட்டில் பத்தாயிரம் பேர் வாக்களிப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் ஆயிரம் பேர் ஒரு நாட்டை ஆதரித்தே தீருவது என்று இருபதையும் அதற்கே போட்டால் அது இருபதாயிரம் வாக்கு. மீதி ஒன்பதாயிரம் பேர் ஆளுக்கு மூன்று வாக்கு போட்டால் இருபத்தேழாயிரம்; ஆனால் அது மற்ற 25 பாட்டுகளுக்கும் பிரிந்துபோகும். அவற்றில் எதுவும் ஐந்தாயிரத்தைத் தாண்டுவது கடினம். பத்தில் ஒரு பங்கு மக்கள் 12 புள்ளியை அள்ளிக்கொண்டு போய்விடலாம். எதிர்த்து வாக்களிக்க வழியும் கிடையாது. கோபத்தில் இருப்பவர் டிவியை அணைப்பார், ஆதரிப்பவர் போனை எடுப்பார். புறக்கணிக்கிறவர்களின் விலகல்கூட அடுத்தவருக்கு லாபமாக முடிகிறது. இதற்கு மேல், இஸ்ரேல் அரசின் விளம்பர அமைப்பு பணம் கொடுத்துப் பல தளங்களில் வாக்குக் கேட்டு விளம்பரம் செய்தது. ஒன்றியத்தின் சொந்தச் செய்திச் சரிபார்ப்புப் பிரிவே அதை வெளியிட்டது. அன்றைய விதியில் அதற்குத் தடை இல்லை. விளம்பரம் வந்தது உறுதி. அதனால் எத்தனை வாக்கு நகர்ந்தது என்பதை யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பாட்டு பிடித்துப் போட்டவர்களும் இருப்பார்கள், நல்ல குரல் அது.

2025 டிசம்பர் 4 அன்று ஜெனீவாவில் ஒன்றியத்தின் பொதுக்குழு கூடியது. இஸ்ரேல் இருக்கலாமா வேண்டாமா என்று நேராக வாக்கெடுப்பு நடத்தவில்லை. புதிய விதிகள் போதுமா என்று கேட்டார்கள். போதும் என்றால் இஸ்ரேல் பற்றித் தனி வாக்கெடுப்பு கிடையாது. பெரும்பான்மை போதும் என்றது. ஒருவர் போடக்கூடிய வாக்கு 20இலிருந்து 10ஆகக் குறைந்தது, அரையிறுதிகளில் நடுவர்கள் திரும்பி வந்தார்கள், அரசுகளின் அளவுக்கு மீறிய பிரசாரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. அன்றே ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்லோவேனியா விலகின. ஆறு நாள் கழித்து ஐஸ்லாந்தும். இவை சாதாரணமான நாடுகள் இல்லை. அயர்லாந்து ஏழு முறை வென்றது, நெதர்லாந்து 1956இலேயே மேடையில் இருந்தது, ஸ்பெயின் அதிகப் பணம் கட்டும் ஐந்து நாடுகளில் ஒன்று. 2024இல் வென்ற நீமோ தன் கோப்பையைத் திருப்பித் தருவதாக அறிவித்தார், 1994இல் அயர்லாந்துக்காக வென்ற இருவரில் ஒருவரான சார்லி மெக்கெட்டிகனும். ஆனால் விலகிய நாடுகளின் வரிசையில் அடுத்த பெரிய பெயர் சேரவில்லை. பல்கேரியா, ருமேனியா, மால்டோவா திரும்பி வந்ததால் பங்கேற்கும் நாடுகளின் எண்ணிக்கையும் 35இல் நின்றது.

ஆகவே உங்கள் இரண்டாம் கேள்விக்கு என் பதில்: எழுபது ஆண்டு வரலாற்றில் புறக்கணிப்பு எந்தப் போரையும் நிறுத்தியதாக நான் பார்க்கவில்லை, போட்டியின் விதிகளைப் பல முறை மாற்றியிருக்கிறது. 1970இல் நடந்ததும் 2025இல் நடந்ததும் ஒரே வகை. நான் போட்ட கணக்கையே பாருங்கள்: பத்து வாக்கு என்று குறைத்தாலும் அந்த ஆயிரம் பேர் பத்தாயிரம் வாக்கோடு முதலில்தான் நிற்பார்கள். விதி மாறியது போதாது, ஆனால் ஐந்து நாடுகள் கிளம்பத் தயாராக இல்லாவிட்டால் அதுவும் வந்திருக்காது. வெளியே தள்ளப்பட்டவர்களும் சும்மா இருப்பதில்லை. ரஷ்யா, சோவியத் காலத்தில் போலந்தின் சோப்போட்டில் நடந்த இன்டர்விஷன் என்ற பாட்டுப் போட்டியைத் தூசி தட்டி எடுத்து 2025 செப்டம்பரில் மாஸ்கோவில் நடத்தியது. வியட்நாம் வென்றது. இந்தியாவும் அதில் பாடியது. நம் ஊரில் அதைப் பற்றிப் பேச்சே எழாததுதான் எனக்கு வருத்தம்.

கடைசியாக உங்கள் மூன்றாவது கேள்வி. பார்வையாளர் எண்ணிக்கையை ஒவ்வொரு நாட்டிலும் சில ஆயிரம் மாதிரி வீடுகளில் கருவி வைத்துக் கணக்கிடுகிறார்கள். சென்னையில் நீங்கள் பார்க்காமல் விடுவது அந்தக் கருவிகளில் பதிவாகாது. யூடியூபில் ஒரு பார்வை குறையும், அவ்வளவுதான். ஐரோப்பாவில் வசிக்கும் உறவினர்கள் இருந்தால் அவர்கள் நிலை வேறு. அவர்கள் கட்டும் பணத்தில்தான் அந்த ஊர்ப் பொதுத் தொலைக்காட்சி நடக்கிறது. அவர்கள் எழுதும் கடிதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அப்படி வந்த கடிதங்கள் மேலிடத்துக் கூட்டங்களில் எண்ணிக்கையோடு வாசிக்கப்பட்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு என்று ஒரு வழி 2023 முதல் இருக்கிறது. பங்கேற்காத நாடுகளில் இருப்பவர்கள் பணம் கட்டி இணையத்தில் வாக்களிக்கலாம். அத்தனை பேரின் வாக்கும் சேர்த்து ஒரு நாட்டின் வாக்காகக் கணக்கிடப்படும். 2024, 2025 இரண்டு ஆண்டுகளும் அந்தப் பெட்டியின் 12 புள்ளி இஸ்ரேலுக்குத்தான் போனது. அது உங்களுக்கு உறுத்தினால், பார்க்காமல் இருப்பதைவிட உங்களுக்கு உண்மையாகவே பிடித்த ஒரு பாட்டைத் தேடிப்பிடித்து அதற்கு வாக்களிப்பது அதிகம் எண்ணப்படும்.